ரெண்டந்தர்

கல்முனைச் சந்தியில் காலை பஸ் வந்து நின்றால் முதலில் மீன்கூடைகள் ஏறும். பிறகு கந்தோர்க்காரர்கள் ஏறுவார்கள். பியூலா டீச்சர் கடைசியில்தான் ஏறுவாள். முன்னால் ஏறினால் பின்னால் வருகிறவர்கள் தன்னைக் கடந்துபோக இடமிருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அவள் படியில் கால் வைத்ததும் பஸ் அந்தப் பக்கம் ஒரு தரம் சாயும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். எட்வின் அதற்குள் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பான். எட்வின் அவளுடைய புருஷன்.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். அவள் மருதமுனையில் இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு எடுப்பாள். அவன் களுவாஞ்சிகுடி வரை போய் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் படங்களுக்கு முன்னால் உட்காருவான். பேராதனைக் கம்பஸில் படித்துவிட்டு வந்தவன். பேச்சுக் குறைவு.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலுக்கு அடுத்த வருஷம் அந்தத் தடத்துக்குப் புதுக் கொண்டக்டர் ஒருவன் வந்தான். மீசை முளைத்தும் முளைக்காத வயது. ஏறிய முதல் நாளே பஸ்ஸைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

"டீச்சருக்கு ரெண்டு டிக்கெட்!" என்றான். "ஒரு சீட்டுக்குள்ள இது அடங்காது."

பஸ் சிரித்தது. எட்வினுக்குக் காது சுட்டது. அவன் பாண்டிருப்புத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தாங்க தம்பி," என்றாள் பியூலா. "இந்த உம்மாக்குக் குந்த இடமில்லாமக் கிடக்கு. ரெண்டாவது டிக்கெட்டில அவவ இருத்துவம்." சொல்லிக்கொண்டே சன்னல் பக்கமாக ஒடுங்கி, கூடையோடு நின்ற கிழவியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள். கிழவியின் பாதி அவள் மடியில் இருந்தது. இந்த முறை பஸ் வேறு மாதிரிச் சிரித்தது.

"உங்கட பேர் என்ன தம்பி?"

பொடியனின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் டீச்சர்? டிப்போவுக்கு எழுதப் போறீங்களா?"

"சீச்சீ. சும்மாதான் மனே. நாளைக்கும் காணப்போறம், பேர் தெரியாம எப்பிடி?"

"றஸாக்."

"நல்ல பேர்," என்றாள்.

அவள் ஏன் பேர் கேட்கிறாள் என்பது எட்வினுக்கு மட்டும் தெரியும். விளக்கு வைத்ததும் அவர்கள் வீட்டில் செபம் நடக்கும். அவள் முழங்காலில் நிற்க மாட்டாள். நின்றால் எழும்ப ஆள் பிடிக்க வேண்டும். கதிரையில் இருந்து, கையை மடியில் கோத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற குரலில் ஆண்டவரோடு கதைப்பாள். முதலில் எட்வினின் பேர் வரும். பிறகு இரண்டு பக்கத்து அம்மா அப்பா, பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் பிறகு தனியாக ஒரு வரிசை. இன்னாருக்கு இது வேண்டும் என்று எதுவும் கேட்க மாட்டாள், வெறும் பேர்கள்தான். கலியாணம் முடித்த புதிதில் எட்வின் இவர்களெல்லாம் யார் என்று கேட்டிருக்கிறான்.

"என்னைப் பகிடி பண்ணின ஆக்கள்."

"அவங்களுக்கு ஏன் செபம்?"

"பேரைச் சொல்லி ஆண்டவரிட்ட குடுத்திட்டா, மறுகா அந்தாளை ரோட்டில கண்டாச் சிரிக்க லேசா இரிக்கும். குடுக்காட்டி என்னால ஏலாதுங்க. எனக்கும் கோபம் வரும்."

அன்றைக்கு வரிசையின் கடைசியில் றஸாக் சேர்ந்தான்.

செபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். கீரிமீன் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அவள் இரண்டாம் தரம் சோற்றில் கரண்டியை வைத்தபோது எட்வின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டா என்ன, பியூலா?"

கரண்டி நின்றது. அவள் அதைச் சட்டியின் ஓரத்தில் மெல்ல வைத்தாள். "ஓம்," என்றாள். "குறைக்கத்தான் வேணும்."

அவன் அவளை வைது சொல்லவில்லை. பஸ்ஸில் சுட்ட காது இன்னும் ஆறாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் சாப்பாடு குறைந்துகொண்டு வந்தது. முதலில் இரண்டாம் தரம் எடுப்பது நின்றது. பிறகு முதல் தரமே பாதியானது. தயிர் என்றால் உயிரை விடுகிறவள், சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "வயிறு நிறைஞ்ச மாதிரி இரிக்கி," என்பாள். தன் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று எட்வினுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு நாள் வாய்விட்டே சொன்னான்: "நல்லாக் கட்டுப்படுத்துறீர்." அவள் சிரித்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கை எட்வினின் கண்ணில் படவில்லை.

*

அவளுக்கு ரெண்டந்தர் என்று பட்டம் வைத்தவன் வில்பிரட். ஒரு அந்தர் என்பது நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல், கிட்டத்தட்ட ஐம்பது கிலோ. நெல்லும் சீமெந்தும் அந்தரில்தான் நிறுக்கப்படும். கலியாணத்தன்று அவள் கோயில் படியிறங்கும்போது, "வழி விடுங்கடா, ரெண்டந்தர் இறங்குது!" என்று அவன் கத்த, அன்றிலிருந்து பேர் நிலைத்துவிட்டது. வில்பிரட் அவளுக்குத் தாய்மாமன் மகன். மச்சான் முறை. மச்சான் மச்சாளைப் பகிடி பண்ணினால் யாரும் குறைவாக நினைப்பதில்லை, பண்ணாவிட்டால்தான் இரண்டு வீட்டுக்கும் கோபமோ என்று கேட்பார்கள். அதனால் அவன் வாய்க்கு வேலியே இருக்கவில்லை. பெரியநீலாவணையில் குடியிருந்தான். சங்கக்கடையில் கணக்குப்பிள்ளை. கோயில் ஏலம் என்றால் அவன்தான் கூறுவான். ஒரு தேங்காயை வைத்து அரை மணித்தியாலம் ஊரைச் சிரிக்க வைக்கக்கூடிய ஆள்.

புயல் கோயில் கூரையைப் பிரித்து எறிந்ததிலிருந்து ஆராதனை கிடுகுப் பந்தலுக்குக் கீழேதான் நடந்தது. இரண்டாவது பெரும்போகம் அறுத்து முடிந்ததும் அறுப்பின் பண்டிகையைப் பெரிதாகச் செய்து கூரை போட்டுவிட வேண்டும் என்று போதகர் ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை சனங்கள் நெற்கதிரும் பூசணியும் வாழைக்குலையும் கொண்டுவந்து படைத்தார்கள். மறுநாள் பின்னேரம் அவற்றை வளவில் வைத்து ஏலம் போட்டார்கள். வேதக்காரர் மட்டும் வந்தால் கூரை ஏறாது. கடைத்தெருவிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள், பாண்டிருப்பு ஆட்கள், கந்தோர்க்காரர் என்று வளவு நிறைந்திருந்தது. எட்வினின் கந்தோரிலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

வேப்பமரத்தடியில் ஒரு தராசு. பியூலாவுக்கு அடுத்த வீட்டு அப்துல் ஹமீட் தன்னுடைய நெல் மில்லிலிருந்து அனுப்பி வைத்தது. மூன்று மரத்தை முக்காலியாகக் கட்டி, நடுவில் இரும்புத் துலாக்கோல், இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டுகள். ஒரு பெரிய பூசணிக்காயின் நிறையைச் சொல்ல வேண்டும், கிட்டச் சொன்னவருக்கு ஒரு கேக். கேக் பியூலா சுட்டது. முந்திரிப்பருப்பும் பூசணி அல்வாத் துண்டுகளும் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள்.

பூசணிக்காயிடம் யாரும் வரவில்லை. வில்பிரட் தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்தான். கடைசியில் அவன் கண் கேக் மேசைக்குப் பின்னால் இருந்த மச்சாளின் மேல் விழுந்தது.

"பூசணிக்காய் வேணாமெண்டா விடுங்க! அத விடப் பெரிய சாமான் கைவசம் இரிக்கி! எங்கட ரெண்டந்தர் மச்சாள நிறுப்பமா? ஆர் சொல்லுறீங்க நிறை?"

சிரிப்பு வருவதற்குப் பதிலாக வளவு அடங்கிப் போனது. நாலு இனத்துச் சனம் நிற்கிற இடம். போதகரின் முகம் கறுத்தது. வேலியோரம் நின்ற முஸ்லிம் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். வில்பிரட்டின் கை தூக்கியபடியே நின்றது. எதைச் செய்துவிட்டோம் என்று அவனுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று மட்டும் தெரியவில்லை.

பியூலா எழும்பினாள்.

"பூசணிக்காய விட எனக்கு மவுசு கூடத்தானே மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். "சும்மா நிறுக்க ஏலா. ஒவ்வொருத்தரும் கூரைக்கு ஏதும் போட்டுட்டுத்தான் சொல்லணும்."

"வேணாம் பிள்ளை," என்றார் போதகர்.

"கூரைக்குத்தானே ஐயா. நான் சுமக்காத பாரமா?"

அதற்குப் பிறகுதான் சனம் மூச்சு விட்டது, சிரித்தது, நெருங்கி வந்தது. வில்பிரட்டின் கை இறங்கியது. ஓய்வுநாள் பள்ளிக் கரும்பலகையைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டு, சொல்லச் சொல்ல எழுதினான். ரெண்டு. ரெண்டும் பத்து இறாத்தலும். ரெண்டுக்குக் கொஞ்சம் குறைய. யாரும் இரண்டை விட்டு அதிகம் விலகவில்லை. பட்டம் அப்படி.

அப்துல் ஹமீட்டின் மனைவி ஹாஜறா வேலியோரமிருந்து சொன்னாள்: "ஒண்டரை எண்டு எழுதுங்க."

"ராத்தா, கண்ணாடி போட்டுப் பாருங்க!" என்றான் வில்பிரட்.

"எனக்கு அவ்வளவுதான் தெரியுது. எழுதுங்களன்."

கந்தோர் ஆட்களில் ஒருவன் எட்வினின் முதுகில் தட்டினான். "புருஷன் என்ன பேசாம நிக்கிறீர்? உம்மை விட ஆருக்குத் தெரியும் நிறை?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பியூலாவும் பார்த்தாள். எட்வினுக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது. தனக்கு இதில் வெட்கமில்லை என்று காட்ட வேண்டும்போலவும் இருந்தது. வாயில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"ரெண்டேகால்," என்றான்.

வளவு கொல்லென்று சிரித்தது. கரும்பலகையில் எல்லாவற்றுக்கும் மேலான எண் அதுதான். பியூலாவும் சிரித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தராசடிக்கு நடந்தாள்.

எப்படியும் இரண்டுதானே என்று வில்பிரட் நாலு அரை அந்தர்க் கல்லை முதலே எதிர்த்தட்டில் ஏற்றி வைத்திருந்தான். இரண்டு பொடியன்கள் சங்கிலியைப் பிடிக்க, அவள் பலகையில் இருந்தாள். கைவிட்டார்கள்.

தட்டு இறங்கவில்லை.

கல்லிருந்த தட்டு நிலத்திலேயே கிடந்தது. அவள் ஊஞ்சலில் இருப்பதுபோல மேலே இருந்தாள்.

"மச்சாள், காலத் தூக்குங்க! நிலத்தில ஊண்டிக்கொண்டு கள்ளம் பண்ணாதீங்க!"

"தூக்கித்தான் இரிக்கன்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய செருப்பு நிலத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு கல்லை இறக்கினார்கள். மிச்சம் ஒன்றரை அந்தர். துலாக்கோல் யோசிக்கிறதுபோல ஆடி, அவள் பக்கம் சற்றே தாழ்ந்து நின்றது. ஒரு சின்னப் படிக்கல்லைப் போட்டதும் நேரானது.

"தராசு பிழை!" என்றான் ஒருவன். அப்துல் ஹமீட் வந்து ஒரு நெல் மூட்டையை வைத்துக் காட்டினார். தராசில் பிழையில்லை.

"மன்னிச்சுக் கொள்ளுங்க எல்லாரும்," என்றாள் பியூலா, தட்டிலிருந்து இறங்கிக்கொண்டே. "உங்கள ஏமாத்திப் போட்டன்."

சனம் கைதட்டியது. ஹாஜறா வென்றுவிட்டாள். கேக் பெட்டியை வாங்கும்போது அவள் பியூலாவின் காதுக்குள் சொன்னாள்: "நான் என்னத்தக் கண்டன் டீச்சர். அவ்வளவு பேரும் ரெண்டு ரெண்டு எண்டு செல்லக்குள்ள எனக்கு மனசு கேக்கல்ல. அதான் குறைச்சுச் சென்னன்."

"உங்கட வாய் நல்ல வாய் ராத்தா."

ஆளுக்கு ஆள் அவளை வாழ்த்தினார்கள். லெந்துகால உபவாசம் வேலை செய்கிறது என்றார் ஒருவர். என்ன மருந்து டீச்சர் என்று கேட்டாள் இன்னொருத்தி. கந்தோர் ஆட்கள் எட்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவனும் குலுக்கினான். அன்று பின்னேரம் வீட்டுக்கு நடந்துபோகும்போது, நெடுநாளைக்குப் பிறகு, அவள் பக்கத்தில் ஒட்டி நடந்தான். "பார்த்தீரா, நான் சொன்னது நல்லதுக்குத்தானே," என்றான். "ஓம்," என்றாள் அவள். மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நின்றாள்.

விளக்கு வைத்துச் செபத்துக்கு இருந்தார்கள். வழக்கம்போல அவனுடைய பேர் முதலில் வந்தது. பிறகு அம்மா அப்பாமார், பிள்ளைகள். பிறகு அந்த வரிசை. றஸாக். இடையில் இன்னும் சில பேர்கள். வில்பிரட்.

வில்பிரட்டோடு முடியும் என்று எட்வின் கண் திறக்க இருந்தான். அவள் ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எட்வின்," என்றாள்.

ஆமென் சொல்லிவிட்டு எழும்பி, சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

*

சில மாதங்கள் கழித்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் அவளுடைய வயிற்றை அமர்த்திப் பார்த்துவிட்டு எட்வினை வெளியே கூப்பிட்டார். வயிறு பெரிதாக இருந்ததெல்லாம் வயிறில்லை, கட்டி. அது வளர வளர அவள் உடம்பை உருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"எப்பயிருந்து மெலியுறாங்க?"

"ஒரு வருஷமா இருக்கும்."

"பசியில்லாம இருந்திருக்குமே. கவனிக்கல்லையா?"

"கவனிச்சம்," என்றான் எட்வின். "நல்லதெண்டு நினைச்சம்."

டொக்டர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பேனையின் மூடியைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாட்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில் பெண் ஒரு நாள், போர்வைக்கு மேலே எழும்பி நின்ற வயிற்றைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, இந்த ஆக்களுக்குக் கட்டில ரெண்டாப் போட வேணும்," என்றாள். பியூலா தலையைத் திருப்பி, "உங்கட பேர் என்னகா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் காற்று மட்டும்தான் இருந்தது.

எட்வின் வாங்கில் இருந்து அவளுடைய காலைத் தடவிக்கொண்டிருந்தான். கணுக்காலில் எலும்பு தெரிந்தது. அவளுக்குக் கணுக்கால் எலும்பு உண்டென்பதே அவனுக்குப் புதிது. டொக்டர் சொன்ன நாளிலிருந்து தொண்டைக்குள் வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தான்.

"அண்டைக்குத் தராசடியில நான் சொன்னது..."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டேகால்."

அவள் யோசித்தாள். "கலியாணத்தண்டு நான் அவ்வளவு இருந்திருப்பன். அண்டைக்குக் கண்ட ஆள்தான் இன்னும் உங்கட கண்ணுக்குள்ள நிக்கிறா போல." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. தண்ணீர் கேட்டாள்.

அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்கக் குனிந்தவனுக்கு விழக் காலில்லாமல் போய்விட்டது. ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். செபத்தில் என் பேர் ஏன் இரண்டு தரம் வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மழைக்கு முன்னால், எல்லோரும் வயல் விதைக்க இறங்கியிருந்த நேரத்தில், அவள் போய்விட்டாள்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும். வில்பிரட் எட்டுப் பேரை நிறுத்தினான். ஊருக்கு அது விளங்கியது. எட்டுப் பேரும் காலை அகற்றி ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே வீச்சில் தூக்கினார்கள். பெட்டி விசுக்கென்று மேலே வந்து ஒரு பக்கம் சரிந்தது. பெண்கள் கத்தினார்கள். எட்வின் பாய்ந்து பிடித்தான்.

"பாரமே இல்லையேடா," என்றான் வில்பிரட். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே அழத் தொடங்கினான்.

*

முப்பத்தோராம் நாள் நினைவு ஆராதனை முடிந்து சனம் கலைந்த பிறகு வில்பிரட் எட்வினின் வீட்டு வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"அண்ணன், மச்சாள் என்னைப் பத்தி ஏதும் கதைச்சவவா?"

எட்வினுக்குத் தெரியும் அவன் எதைக் கேட்கிறான் என்று. ஒரு வசனம் போதும். உன் பேரைச் சொல்லித்தான் செபம் பண்ணினாள் என்றால் அந்த ஆள் தலையை நிமிர்த்திக்கொண்டு பெரியநீலாவணைக்குப் போவான். ஆனால் அந்த வசனத்தைத் தொடங்கினால் அடுத்த பேரையும் சொல்ல வேண்டி வரும். அத்தோடு, இந்தப் பாரத்தைச் சுமக்க இன்னொருவனும் இருக்கட்டும் என்ற எண்ணமும் எட்வினுக்குள் இருந்தது.

"இல்ல," என்றான்.

வில்பிரட் தலையாட்டினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனான்.

அடுத்த கிழமை ஹாஜறா வந்தாள். கையில் பியூலாவின் கேக் பெட்டி. கழுவித் துடைத்து, வெறும் பெட்டியாகக் கொடுக்கக் கூடாதென்று வட்டிலப்பம் வைத்திருந்தாள். வாசலோடு நின்று முக்காட்டால் மூக்கைத் துடைத்தாள்.

"சேர், ஒண்டு கேக்கணும். நான் ஒண்டரை எண்டு சென்னன்தானே. நான் செல்லித்தான் அப்பிடி ஆகிப்போச்சோ? என்ட நாவூறோ? ராவைக்குப் படுத்தா நித்திரை வருகுதில்ல."

அத்தனை பேர் நின்ற வளவில் நல்லது நினைத்தவள் இவள் ஒருத்தி. இவளுக்கு நித்திரை இல்லை.

"இல்ல ராத்தா. நீங்க சொல்லக்குள்ளேயே வருத்தம் உள்ளுக்கு இருந்தது. டொக்டர் சொன்னவர்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அல்லாஹ்," என்று அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் இப்போது செபம் இல்லை. விளக்கு வைப்பான். கதிரையைப் பார்ப்பான். பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு இருப்பான். சோறு இறங்காது. இறங்காதபோது, இப்படித்தானே அவளுக்கும் இருந்திருக்கும் என்று தோன்றும். தட்டைத் தள்ளிவிடுவான்.

அறுப்பின் பண்டிகை மறுபடி வந்தது. புதுக் கூரைக்குக் கீழே கதிர் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏலம் கூற வில்பிரட் வரவில்லை. யாரோ ஒரு பொடியன் கூறினான். பூசணிக்காய் சத்தமில்லாமல் விலைபோனது.

*

பண்டிகைக்குப் பிறகு ஒரு பின்னேரம் எட்வின் களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறினான். சனம் குறைவு. சன்னலோரம் இருந்தான். பக்கத்து இடம் காலி. டிக்கெட் போட்டுக்கொண்டு வந்த கொண்டக்டரின் மீசை இப்போது அடர்ந்திருந்தது. இடையில் வேறு தடத்துக்கு மாற்றி, இப்போதுதான் திரும்பி விட்டிருக்கிறார்கள் போல. எட்வினைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"சேர்! எங்க நம்மட ரெண்டு டிக்கெட் டீச்சர்? கன நாளாக் காணல்ல. இன்னும் கொஞ்சம் உடம்பு வெச்சிட்டாவா? இனி மூண்டு டிக்கெட்டா?"

முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். ஒருவர் வாயைத் திறக்கப் போனார். எட்வின் கையைக் காட்டி மறித்தான்.

செத்துப் போனா. அதைச் சொன்னால் போதும். இந்தச் சிரிப்பு இந்த முகத்தில் அப்படியே காய்ந்துபோகும். இனி இவன் ஒவ்வொரு டிக்கெட் கிழிக்கும்போதும் நினைப்பான். நினைக்கட்டுமே. அந்த வார்த்தை எட்வினின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"நீர் றஸாக்தானே?" என்றான்.

"ஓம் சேர். எப்பிடித் தெரியும்?"

"டீச்சர் ஒவ்வொரு நாளும் உம்மட பேரைச் சொல்லுறவ."

"என்ட பேரயா?" அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. டிக்கெட் புத்தகத்தால் கழுத்தைச் சொறிந்தான். "நல்ல மனிசி சேர். நான் பகிடிக்குத்தான் செல்லுற. என்ட ஸலாத்தச் செல்லுங்க. கல்முனைக்குத்தானே?"

"இல்ல. பெரியநீலாவணை."

வில்பிரட் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தான். மணலைவாரை. எட்வினைக் கண்டதும் செதிள் ஒட்டிய கையோடு எழும்பினான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், சட்டியில் இன்னொரு சுண்டு அரிசி விழுகிற சத்தம் கேட்டது.

"இருங்க அண்ணன்."

எட்வின் இருக்கவில்லை. "அண்டைக்கு நீ கேட்டாய். நான் இல்ல எண்டன். அது பொய்."

வில்பிரட் கையைச் சாரத்தில் துடைத்தான்.

"பியூலா உன்ட பேரைச் சொல்லிச் செபம் பண்ணினவ. ஒவ்வொரு நாளும். ஆஸ்பத்திரியிலயும்."

"கோபமாவா?"

"கோபம் வராம இருக்கத்தான் பேரைச் சொல்லுறவ."

வில்பிரட் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காகம் ஒன்று மீன்தலையைத் தூக்கிக்கொண்டு போனது, அவன் விரட்டவில்லை.

"தராசண்டைக்குமா?"

"அண்டைக்கும். உன்ட பேருக்குப் பிறகு என்ட பேர்."

அவனுக்கு அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது எட்வினின் முகத்தைப் பார்க்காமல் மீன்சட்டியைப் பார்த்தான்.

"ரெண்டேகால் எண்டீங்க," என்றான் மெல்ல.

"ஓம்."

பொழுது பட்டு விளக்கு வைத்தாயிற்று. பாய் போட்டுச் சோறு வந்தது, மீன் ஆணமும் சுண்டிய கீரையும். வில்பிரட்டின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். வில்பிரட், "அண்ணன், நீங்க செபம் பண்ணுங்க," என்றான்.

எட்வின் கையைக் கோத்தான். எப்படித் தொடங்குவதென்று வரவில்லை. சோற்றின் ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"றஸாக்," என்றான்.

பிறகு, "வில்பிரட்."

அடுத்த பேருக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தான். வரவில்லை.

வில்பிரட் கண்ணைத் திறக்காமலே அந்தப் பேரைச் சொன்னான்.